மஞ்சள் வராத வீடுகள்

திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கூட வராந்தாவில் ஒரே கூட்டம். எங்கள் பதினோராம் வகுப்பு வீடு வீடாகத் தண்ணீரைச் சோதித்து வரைந்த படத்தைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். தெருக்கள், குறுக்கே ஓடும் சாக்கடை, மேட்டில் தண்ணீர்த் தொட்டி. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பொட்டு. நல்ல தண்ணீருக்குப் பச்சை, கெட்ட தண்ணீருக்குச் சிவப்பு. தொட்டியைச் சுற்றி அம்மை போட்ட மாதிரி சிவப்பு. முதல் தெரு சிவப்பு, இரண்டாம் தெரு சிவப்பு. சாக்கடையைத் தாண்டிய மூன்றாம் தெரு மட்டும் பச்சைப் பசேல் என்று இருந்தது.

அந்த மூன்றாம் தெருவில்தான் இரண்டு மாதத்துக்கு முன்னால் வீட்டுக்கு ஒருவர் வாந்தியும் பேதியுமாகப் படுத்தார்கள். அங்கேதான் என் அத்தை மகன் செத்துப்போனான். ஏழு வயது. தொட்டியில் குளோரின் மருந்து கலந்து தண்ணீர் திறந்துவிடுகிற ஆபரேட்டர் என் அப்பா.

என்ன இவள் இவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறாள் என்று தோன்றலாம். எனக்குச் சாதாரணமாகத்தான் சொல்ல வருகிறது. அவனைத் தூக்கிக்கொண்டு போன நாளிலிருந்து எனக்கு எதுவும் உறைப்பதில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் மரத்துப்போகுமே, அப்படி. தொடுவது தெரிகிறது. வலிப்பது தெரியவில்லை. எல்லோரும் அழுதபோது நான் செருப்புகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தேன்.

வியாதி வந்ததும் அதிகாரிகள் வந்தார்கள். தொட்டியைக் கழுவினார்கள், ஆபரேட்டரைக் கழற்றினார்கள், வேலை முடிந்தது. மருந்து போட மறந்துவிட்டார் என்பது குற்றச்சாட்டு. வெள்ளிக்கிழமை விசாரணை. அதில் குற்றம் உறுதியானால் அப்பாவுக்கு வேலை போய்விடும். வேலையோடு பெயரும் போய்விடும். பிள்ளையைக் கொன்றவன் என்று இப்போதே தெருவில் சொல்கிறார்கள். அப்புறம் அது எழுத்திலும் வந்துவிடும்.

பக்கத்தில் ரேடியோ நின்றாள். வாயை மூடத் தெரியாதவள் என்பதால் வகுப்பில் அவளுக்கு அந்தப் பெயர். அவளே அன்று மெதுவாகப் பேசினாள்.

"தொட்டியிலதான் கோளாறுன்னு ஆகிப்போச்சுடி. இன்ஜினியர் காலையிலேயே வந்து போன்ல போட்டோ எடுத்துட்டுப் போயிட்டாரு. பிள்ளைங்களே கண்டுபிடிச்சிட்டாங்கன்னு ஒரே பாராட்டு."

சனிக்கிழமை வகுப்பே வீடு வீடாகப் போனபோது என்னை மட்டும் அனுப்பவில்லை. ஆபரேட்டர் மகள் போய்க் கதவைத் தட்டினால் வாசலில் என்ன பேச்சு விழும் என்று கெமிஸ்ட்ரி மிஸ்ஸுக்குத் தெரியும். நான் வீட்டில் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எதை வச்சு சோதிச்சீங்க?" என்று கேட்டேன்.

"சின்ன பாட்டில்ல மருந்து. தண்ணியில ரெண்டு சொட்டு விட்டா மஞ்சளாகும். சில வீட்ல ஆகாது."

"மஞ்சளானா?"

"சிவப்புப் பொட்டு."

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"லூசு," என்றேன். "மஞ்சளானா நல்ல தண்ணி. குளோரின் இருந்தாத்தான் மஞ்சள் வரும்."

அப்பா தினமும் காலையில் எங்கள் வீட்டுக் குழாயில் பிடித்து, அந்தச் சொட்டை விட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். மஞ்சள் வந்தால்தான் காபி குடிப்பார். எனக்கு அது தெரிந்திருப்பதில் ஒரு சாமர்த்தியமும் இல்லை; தையல்காரர் வீட்டுப் பூனைக்குக்கூட நூல்கண்டு தெரியும்.

வகுப்பில் இருந்தவர்களும் முட்டாள்கள் இல்லை. அதற்கு முந்தைய வாரம் குளத்துத் தண்ணீரைச் சோதித்தார்கள். அந்த மருந்தில் நிறம் எவ்வளவு ஏறுகிறதோ தண்ணீர் அவ்வளவு மோசம். அதே பழக்கத்தில் இதையும் செய்துவிட்டார்கள். மிஸ்ஸின் குழந்தைக்குக் காய்ச்சல். பெட்டியை லீடரிடம் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருந்தார். கண்ணாடி மாதிரி இருக்கிற தண்ணீர் கெட்டது, மூத்திரம் மாதிரி இருக்கிறது நல்லது என்று சொல்லாமல் யாருக்குத் தோன்றும்?

ரேடியோ படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கண் தொட்டியிலிருந்து முதல் தெருவுக்கும், அங்கிருந்து சாக்கடைக்கும் நகர்ந்தது. பச்சையைச் சிவப்பாகவும் சிவப்பைப் பச்சையாகவும் மாற்றிப் பார்க்கிறாள் என்று தெரிந்தது.

"அடியே," என்றாள். "அப்போ தொட்டியில ஒண்ணும் இல்ல. சாக்கடையைத் தாண்டும்போதுதான் கெடுது."

"ஆமா."

"உங்கப்பா வீட்ல உக்காந்திருக்காரு. இப்ப மருந்து போடறது புது ஆளு. அவன் போட்டும் மூணாம் தெருவுக்குப் போய்ச் சேரலன்னா, உங்கப்பா போட்டதும் போய்ச் சேர்ந்திருக்காது. அவரு மேல என்னடி தப்பு இருக்கு?"

நான் தலையாட்டினேன். நெஞ்சில் ஏதாவது குதிக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. பேப்பரில் கணக்குச் சரியாக வந்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

மிஸ்ஸிடம் சொன்னபோது அவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "நான் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கணும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு எழுந்து முகத்தைக் கழுவிவிட்டு வந்து, "இப்படியே பொட்டை மாத்தி ஒட்டினா, ஆபரேட்டர் பொண்ணுக்காக மாத்திட்டாங்கம்பாங்க. நாளைக்குக் காலையில தண்ணி வர்ற நேரத்துக்கு மறுபடி முதல்லேருந்து எடுப்போம். நீயும் வா" என்றார்.

அன்று சாயங்காலம் நான் வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. அப்பா வழக்கம்போல ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். முகம் சுவரைப் பார்த்து, சுவர் அவரைப் பார்த்து. சஸ்பெண்ட் ஆனதிலிருந்து அவர் ஒரு வார்த்தைகூடத் தன் பக்கம் பேசவில்லை. மருந்து போட்டேன் என்றும் சொல்லவில்லை, போடவில்லை என்றும் சொல்லவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லைதான். ஆனால் இவர் தன் வாயை ஏன் மூடிக்கொண்டார் என்பதுதான் அம்மாவுக்குப் புரியவில்லை.

"நான் போட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன். நாக்கு என்ன தேஞ்சா போயிடும்?" என்று அம்மா கேட்டுப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள், கெஞ்சியும் பார்த்தாள். கல்லில் நார் உரிக்கிற வேலை. கடைசியில் அவளும் விட்டுவிட்டாள். ஒரே ஒருநாள் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அப்பா மூன்றாம் தெருப் பக்கம் போயிருக்கிறார். செய்தது போதாதா, இன்னும் எதைக் கெடுக்க வந்தாய் என்று அங்கே நாலு பேர் சட்டையைப் பிடித்துத் தள்ளினார்கள். பொத்தான் அறுந்து திரும்பி வந்தார். வந்து, "தண்ணியைக் கொதிக்க வச்சுக் குடிங்க. அங்க உள்ளவங்ககிட்டயும் சொல்லு" என்று மட்டும் அம்மாவிடம் சொன்னார். அம்மா சொல்லப் போய் அவளும் நாலு ஏச்சு வாங்கிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் விடியக் காலையில் ஆளுக்கொரு பெட்டியோடு கிளம்பினோம். இரண்டாம் தெருவில் ஒரு அம்மாள் எங்களை உள்ளே விடவே மாட்டேன் என்றாள்.

"போன தடவை வந்து என் தண்ணியில எதையோ ஊத்தி மஞ்சளாக்கிட்டு, உங்க வீட்டுத் தண்ணி கெட்டதுன்னு சொல்லிட்டுப் போனீங்க. என் மருமக அன்னையிலேருந்து நான் காய்ச்சற டீயைத் தொடறதில்ல."

"அது நல்ல தண்ணிதான் ஆன்ட்டி. நாங்கதான் தப்பா ஒட்டிட்டோம்," என்றாள் ரேடியோ. "மருமகளைக் கூப்பிடுங்க, நானே சொல்றேன்."

"நீ சொன்னா போதுமா? எழுதிக் குடு."

ரேடியோ எழுதிக் கொடுத்தாள். அந்த அம்மாள் அதைக் கதவில் ஒட்டிவைத்தாள். அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் மஞ்சள் வந்தது. கடைசி வீட்டிலும் வந்தது. அதற்கப்புறம் சாக்கடைமேல் கல் பாவிய சின்னப் பாலம். பெரிய குழாய் அதற்கு அடியில்தான் மூன்றாம் தெருவுக்குப் போகிறது.

பாலத்தைத் தாண்டினால் முதல் வீடு என் அத்தை வீடு. அத்தை அப்பாவின் ஒரே தங்கை. அவளுக்கு நாற்பது ஆகப்போகிறது; அப்பா இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். மாமா விட்டுவிட்டுப் போன பிறகு சட்டை தைத்துப் பிள்ளையை வளர்த்தாள். பிள்ளை போன பிறகும் தைத்தாள். மிஷின் ஓடுகிற சத்தம் நிற்கவே நிற்காது. அவளும் என்னைப் போலத்தான் ஆகியிருந்தாள் என்று நினைக்கிறேன். ஆனால் அப்பாவை யாராவது ஒரு சொல் சொன்னால் மட்டும் மிஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்துவிடுவாள். "என் அண்ணன் சாப்பிட மறந்தாலும் மறப்பான், மருந்து போட மறக்க மாட்டான். செத்தது என் பிள்ளை. நானே சொல்றேன், உங்களுக்கு என்ன?" என்பாள். அதற்கு மேல் யார் பேச முடியும்?

நாங்கள் போனபோது அவளே குழாயைத் திறந்து பிடித்துக் கொடுத்தாள். அந்தக் குழாய் போன வருஷம்தான் வந்தது. விண்ணப்பம் போட்டுப் போட்டுக் கால் தேய்ந்த பிறகு, அப்பா ஆபீசில் சொல்லி வாங்கிக் கொடுத்தார் என்று எங்களுக்கெல்லாம் தெரியும்.

இரண்டு சொட்டு விட்டேன். குலுக்கினேன். தண்ணீர் அப்படியே இருந்தது.

"பாத்தியா, பளிங்கு மாதிரி இருக்கு," என்றாள் அத்தை.

"பளிங்கா இருக்கக் கூடாது அத்தை. மஞ்சளாகணும்."

விளக்கிச் சொன்னேன். அவள் குழாயையும் பாட்டிலையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு பாட்டிலை வாங்கிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு, பாலத்தைத் தாண்டி அந்தக் கடைசி வீட்டுக் குழாயில் தானே பிடித்தாள். தானே சொட்டு விட்டாள். மஞ்சள். திரும்பி ஓடிவந்து அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு என்று மூன்றாம் தெரு முழுக்கப் பிடித்தாள். ஒன்றிலும் மஞ்சள் வரவில்லை. கதவைத் திறந்தவர்களிடமெல்லாம் பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள்.

"மருந்து அங்க வரைக்கும் வருது. இந்தப் பாலத்துக்கு அடியிலதான் ஏதோ ஓட்டை. சாக்கடை உள்ள போகுது. என் அண்ணன் என்னடா பண்ணினான்? பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு அவன்மேல போட்டீங்களே, இப்ப சொல்லுங்க."

அவள் குரல் அந்தப் பழைய குரல். இரண்டு மாதமாகக் கேட்காத குரல். பக்கத்து வீட்டுக்காரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒருவர், "நாங்க தெரியாமப் பேசிட்டோம்மா" என்றார். அத்தை என்னைக் கட்டிப்பிடித்து உச்சியில் முத்தம் கொடுத்தாள். "என் அண்ணன் பொண்ணுடி நீ" என்றாள். அவளுடைய சந்தோஷம் எனக்குக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பது போலத் தெரிந்தது. ஆனாலும் அது சந்தோஷம்தான் என்று தெரிந்தது. நல்லது என்று நினைத்தேன்.

மிஸ் புதுப் படத்தோடு நேராக இன்ஜினியர் ஆபீசுக்கே போனார். பழைய போட்டோவை வைத்து இன்ஜினியர் மேலே அறிக்கை அனுப்பிவிட்டிருந்தார்; முதலில் முகம் சுளித்தார். மிஸ் அவர் மேஜையிலேயே பாலத்துக்கு இரு பக்கத்துத் தண்ணீரையும் வைத்துச் சொட்டு விட்டுக் காட்டிய பிறகு, நாளைக் காலையில் பாலத்துக்கு அடியில் தோண்டிப் பார்ப்பதாக ஒத்துக்கொண்டார்.

இதையெல்லாம் அன்று சாயங்காலம் வீட்டில் சொன்னேன். அம்மா சுருங்கிப்போன முகத்தோடு கேட்டுக்கொண்டே இருந்தவள், முடிந்ததும் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அழுகிற சத்தம் கேட்கக் கூடாதாம். நான் படத்தை அப்பா மடியில் விரித்தேன். அவர் பார்த்தார். தொட்டியிலிருந்து விரலை வைத்து முதல் தெரு, இரண்டாம் தெரு என்று கொண்டுவந்து பாலத்தில் நிறுத்தினார். விரல் அங்கேயே இருந்தது.

"அத்தைக்குத் தெரியுமா?"

"அத்தைதான்ப்பா எல்லா வீட்லயும் பிடிச்சது. தெருவையே கூட்டி வச்சு உங்களுக்காகச் சண்டை போட்டாங்க."

"நாளைக்குத் தோண்டறாங்களா?"

"ஆமா."

"நல்லாப் பண்ணியிருக்க," என்றார். படத்தை நாலாக மடித்து என் கையில் கொடுத்தார். பிறகு எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார்.

"நல்ல சேதி சொன்னா ஒரு சிரிப்பாவது சிரிக்கணும்," என்றாள் அம்மா. எனக்கும் கோபம்தான். என்னால்தான் எதையும் உணர முடியவில்லை. இவருக்கு என்ன வந்தது?

காலையில் பாலத்துப் பக்கம் தெருவே கூடிவிட்டது. வகுப்பு முழுக்க வந்திருந்தது. அத்தை எல்லோருக்கும் முன்னால் நின்றாள். இஸ்திரி போட்ட புடவை. யார் யார் அப்பாவை ஏசினார்களோ அவர்களையெல்லாம் வீட்டிலிருந்து அழைத்துவந்து நிறுத்தியிருந்தாள், சாட்சிக்கு. இரண்டு தொழிலாளிகள் கல்லைப் பெயர்த்து, மண்மூட்டை அடுக்கிச் சாக்கடையைத் தடுத்து, வாளி வாளியாக இறைத்தார்கள். கறுப்புச் சேறு. நாற்றத்தில் ரேடியோகூட வாயை மூடிக்கொண்டாள். தண்ணீர் நிறுத்தியிருந்த நேரம். சேறு வழிய வழியப் பெரிய குழாய் வெளியே வந்தது.

அதில் ஓர் இடத்தில் ஓட்டை போட்டு ஒல்லியான இன்னொரு குழாயைச் சேர்த்திருந்தார்கள். சேர்த்த இடத்தில் ரப்பர் பட்டை சுற்றி, சுற்றின நுனியை உள்பக்கமாகச் செருகியிருந்தார்கள். ரப்பர் இற்று வாய் பிளந்திருந்தது. எங்கள் வீட்டில் ஒழுகுகிற குழாய் எல்லாவற்றிலும் அந்தச் செருகல்தான் இருக்கும். ஊரில் வேறு யாரும் நுனியை உள்ளே செருகுவதில்லை.

"தண்ணி நிக்கும்போது சாக்கடையை இது உள்ள இழுத்திருக்கு," என்றார் இன்ஜினியர். "அனுமதி இல்லாத கனெக்‌ஷன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதை. இது யார் வீட்டுக்குப் போகுது?"

தொழிலாளி ஒல்லிக் குழாயை மண்ணிலிருந்து இழுத்தான். அது வளைந்து வளைந்து எழுந்து, பாலத்தின் ஓரமாக ஓடி, அத்தை வீட்டுச் சுவரில் போய் முடிந்தது. எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். பிறகு அத்தையைப் பார்த்தார்கள். அத்தை இன்னும் குழாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், இது என்ன என்று யாராவது சொல்வார்கள் என்பது போல.

"நான் போட்டது சார்."

கூட்டத்துக்குப் பின்னால் அப்பா நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. வழிவிட்டார்கள். அவர் முன்னால் வந்தார்.

"மருந்து ஒருநாள் விடாமப் போட்டேன். அதுவும் நிஜம். இதுவும் நான் போட்டதுதான். ஆபீஸ்ல குடுக்கல. பாப்பா ரெண்டு தெரு தள்ளிப் போய்க் குடம் தூக்கிட்டு இருந்தா. ஒரு ஞாயித்துக்கிழமை நானே போட்டேன்."

அத்தை திரும்பினாள்.

"உனக்கு எப்ப தெரியும்ணே?"

"தெரு பூராவும் வாந்தின்னு சொன்னாங்கல்ல. அப்பவே."

"அவன் ஆஸ்பத்திரியில இருக்கறப்பவே."

"ம்."

அத்தை தலையை ஆட்டினாள், தையல் அளவு சொன்னால் ஆட்டுவது போல. அவள் அடிப்பாள் என்று நினைத்தேன், கத்துவாள் என்று நினைத்தேன். அவளோ அந்தச் சேறு படிந்த குழாயின் ஓரத்தில் நின்றாள். அவளைச் சந்தோஷப்படுத்தி, ஊரைக் கூட்டி, இந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியவள் நான். மரத்துப்போன கன்னத்தில் ஊசியின் வேகம் குறைந்ததும் வலி வருமே, அது அப்போது வந்தது. அவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியாது.

இன்ஜினியர் போனில் பேசிக்கொண்டே விலகிப் போனார். தொழிலாளிகளிடம் அந்த ஓட்டையின் அளவுக்கு அடைப்பு இல்லை. மத்தியானம் தண்ணீர் திறக்க வேண்டும். அப்பா சட்டையைக் கழற்றி என் தோளில் போட்டுவிட்டுச் சாக்கடைக்குள் இறங்கினார். ஒல்லிக் குழாயை அறுத்து எறிந்தார். பாலத்துக் கல்லுக்கு அடியில் தலையையும் தோளையும் நுழைத்துக்கொண்டு ஓட்டையில் மரக்கட்டையை அடித்து இறுக்கினார். வெளியே அவருடைய முதுகும் ஒரு கையும்தான் தெரிந்தன. அத்தையின் காலடியில் புது ரப்பர் பட்டை கிடந்தது. யாரோ எடுத்துக் கொடுக்க, அவள் அதைக் கையில் வாங்கியிருந்தாள்.

"பாப்பா, ரப்பர்," என்றார் அப்பா உள்ளிருந்து. கையைப் பின்னால் நீட்டினார்.

அத்தை அசையவில்லை. நீட்டின கை விரிந்தபடி காத்திருந்தது. நான் போய் அவள் கையிலிருந்து பட்டையை இழுத்தேன். வரவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. குனிந்து அதை அப்பாவின் உள்ளங்கையில் வைத்தேன். அவருக்கு யார் கொடுத்தது என்று தெரிய வழியில்லை. விரல்களை மூடிக்கொண்டு, சின்னப் பிள்ளையிடம் சொல்வது போல, "சரி பாப்பா, சரி" என்றார்.